வேட்டி இறக்காத பட்டறை

எங்கள் பட்டறையில் முதலாளிக்கு மரியாதை கொடுக்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. அதைப் போட்டவள் நான். என் வாழ்க்கையில் செய்த காரியங்களில் வேறு எதையும் இவ்வளவு கர்வத்தோடு நான் சொல்லிக்கொள்வதில்லை. பிள்ளை பெற்று வளர்த்ததைக்கூட ஊரில் எல்லோரும்தான் செய்கிறார்கள்.

கோயமுத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற ரோட்டில், துடியலூருக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது பட்டறை. ஐம்பதுகளின் நடுவில் ஆரம்பித்தோம். கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போன காலம் அது. கமலை இறைத்து மாடும் மனிதனும் ஓய்ந்துபோயிருந்தார்கள். தோட்டத்துக்கு பைக்காரா அணையிலிருந்து கரண்ட் வந்துவிட்டால் போதும், அடுத்த வேலை மோட்டார் பம்பு வாங்குவதுதான். என் வீட்டுக்காரர் பேச்சில் சாது, ஆனால் பம்பு விற்பதில் கெட்டிக்காரர். அவர் ஊர் ஊராகப் போய்விடுவார். பட்டறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். உண்மையில் நானேதான் எடுத்துக்கொண்டேன். எனக்கு வீட்டில் உட்கார்ந்து பருப்பு புடைப்பதைவிட லேத்துச் சத்தம் பிடித்திருந்தது.

பட்டறையின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லவேண்டும். பெரிய மோட்டார் ஒன்றே ஒன்று. அது ஒரு நீள இரும்புத் தண்டைச் சுழற்றும். ஷாப்ட் என்போம். ஷாப்டிலிருந்து தோல் பெல்ட்டுகள் போய் ஒவ்வொரு லேத்தையும் ஓட்டும். மற்ற இடங்களில் ஷாப்ட் தலைக்கு மேலே உத்தரத்தில் ஓடும். எங்களுடையது பழைய ஓட்டுக் கொட்டகை. உத்தரம் தாங்காது என்று முழங்கால் உயரத்திலேயே ஷாப்டைப் போட்டிருந்தோம். ஆட்கள் அதற்கும் லேத்துக்கும் நடுவில், ஷாப்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று வேலை பார்ப்பார்கள். எல்லோரும் வேட்டிதான். முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருப்பார்கள், அதனால் பயமில்லை என்று நினைத்திருந்தோம்.

ஒரு நாள் காலையில் வீட்டுக்காரர் ஒரு பம்பு வியாபாரியைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்குள் வந்தார். நான் பக்கத்து அறையில், மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற செம்புக் கம்பியை எடை போட்டுக்கொண்டிருந்தேன். பெல்ட் கிறீச்சென்று கத்தியது. அதற்கு மேல் ஒரு மனிதக் குரல் கத்தியது. ஓடிப் போய்ப் பார்த்தால், எங்கள் லேத்துக்காரர்களில் மூத்தவர் தரையில் கிடக்கிறார், அவருடைய வேட்டி ஷாப்டில் கயிறாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, கால் லேத்தின் அடிக்கட்டைக்கும் ஷாப்டுக்கும் நடுவில் மாட்டியிருக்கிறது. மெயின் சுவிட்ச் கொட்டகையின் மறு கோடியில். ஒருவர் ஓடிப் போய் அதை இழுத்த பிறகுதான் ஷாப்ட் நின்றது.

உயிருக்கு ஒன்றுமில்லை. கெண்டைக்கால் எலும்பு முறிந்திருந்தது. பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

என்ன நடந்தது என்று ஆட்களைக் கேட்டேன். எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "நேரஞ்செரியில்லீங்கம்மா." ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். "முனியப்பனுக்கு ஒரு கெடா வெட்டிப்போட்டா செரியாப் போயிருமுங்க."

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அப்போது வந்தது. "கெடா வெட்டிக்கலாம், எல்லாருஞ் சாப்படலாம், நான் வேண்டாங்கல. கெடா வெட்டலைன்னு முனியப்பனா வந்து வேட்டியப் புடிச்சு இழுத்தாரு?" என்று கேட்டேன்.

மறுநாள் லேத்துக்காரரைப் பார்க்கப் போனேன். துடியலூரில் லைன் வீடு. ஆரஞ்சுப் பழமும் பன்னும் வாங்கிப்போயிருந்தேன். அவர் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், மாவுக்கட்டோடு! "படுங்க படுங்க" என்று நான்தான் அடக்கினேன். அவர் சம்சாரம் வாசற்படியில் நின்றாள். என் வயதுதான் இருக்கும். பழத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

"சம்பளம் நிக்காது அம்மணி. கால் கூடற வரைக்கும் வந்துக்கிட்டே இருக்கும்" என்றேன்.

"சம்பளத்தைக் கால்ல கட்டிக்கிட்டு நடக்க முடியுங்களா?" என்றாள். மரியாதைக்குக் குறைவில்லை, 'ங்க' எல்லாம் அதது அந்தந்த இடத்தில் இருந்தது. ஆனால் சுருக்கென்று தைத்தது. "ஏனுங்கம்மா, நாஞ் சொல்றதைக் கேட்டுக்கோங்க. இவர இனி பட்டறைக்கு அனுப்பறதா இல்லீங்க. என்ற பொறந்த ஊடு கொடுமுடி. எங்கண்ணனுக்கு அங்க வாழக்காடு இருக்குது. நடக்கற மாதிரி ஆனதும் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

நான் லேத்துக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறு வயதிலிருந்து இரும்பைக் கடைந்தவர். அவர் கடைந்த தண்டில் விரலை ஓட்டினால் வழவழவென்று இருக்கும், நான் வேலை இல்லாமலே போய்த் தடவிப் பார்ப்பேன். அவரைக் கொண்டுபோய் வாழைக்கு மண் அணைக்க விடுவதா? முறிந்த காலோடு அந்த வேலையும் அவரால் முடியப்போவதில்லை. மச்சான் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடவேண்டியதுதான். அவர் கண் கலங்கியிருந்தது. ஆனால் சம்சாரத்தை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் முகம் இல்லை, அவள் பக்கம்தானே நியாயம் இருந்தது.

"இவரு கால் கூடி வர்றதுக்குள்ள பட்டறைய மாத்திக் காட்டறேன்" என்றேன். "நீயே நேர்ல வந்து பாரு. உம்பட மனசுக்குச் செரின்னு பட்டா அனுப்பு. படலைன்னா நானே கொடுமுடி பஸ்ல ஏத்தி விடறேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பழத்தை வாங்கிக்கொண்டாள்.

வாக்குக் கொடுத்துவிட்டேன். எதை மாற்றுவது என்று தெரிந்தால்தானே மாற்றலாம்? மடித்துக் கட்டிய வேட்டி ஷாப்டுக்குள் எப்படிப் போகும்? முழங்காலுக்கு மேலே இருக்கிற துணி தானாகவா இறங்கி வரும்? பக்கத்து அறைக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரு சாக்குத் திரை தொங்கும். அதற்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஆட்கள் கருமமே கண்ணாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள், எல்லா வேட்டியும் மடித்தபடி. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். சரசரவென்று அத்தனை வேட்டியும் இறங்கியது! தலையில் கட்டியிருந்த துண்டு இடுப்புக்குப் போனது. எல்லா முகமும் என்னைப் பார்த்தது. லேத்தில் இரும்பு பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது, அதைப் பார்க்க ஒரு கண்கூட இல்லை.

திரைக்குப் பின்னால் போனேன். வேட்டிகள் மடிந்தன. வெளியே வந்தேன். இறங்கின. மறுபடி போனேன், மறுபடி வந்தேன்.

"என்னங்கம்மா, போறீங்க வாரீங்க, எதாச்சும் காணமுங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"காணாமப் போனது கெடைச்சிருச்சு" என்றேன்.

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் எதிரே வந்தால் மடித்த வேட்டியை இறக்கிவிடாத மனிதன் கிடையாது. அது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை, மூச்சு விடுகிற மாதிரி கை தானாகப் போகும். அன்று காலை வீட்டுக்காரர் வியாபாரியோடு உள்ளே நுழைந்தபோது லேத்துக்காரர் செய்ததும் அதுதான். இறங்கிய வேட்டியின் கரையை முதுகுக்குப் பின்னால் ஓடிய ஷாப்ட் வாங்கிக்கொண்டது. முனியப்பனும் காரணமில்லை, நேரமும் காரணமில்லை. முதலாளி உள்ளே வருவதுதான் எங்கள் பட்டறையில் இருந்த பெரிய ஆபத்து. இதைக் கண்டுபிடித்தது நான்தான். எந்த இஞ்சினீயரும் வந்து சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் மோட்டாரை நிறுத்திவிட்டு ஆட்களைக் கூட்டினேன். "நாளையில இருந்து நான் வந்தாலும், முதலாளி வந்தாலும், கலெக்டரே வந்தாலும், ஒருத்தரும் திரும்பிப் பாக்கப்படாது. வேட்டிய எறக்கப்படாது. துண்டை எடுக்கப்படாது. கும்புடப்படாது. மீறி மரியாத கொடுக்கறவங்களுக்கு அன்னைக்கு வேலை கெடையாது" என்றேன்.

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை, பயந்துபோனார்கள். ஏதோ தப்புச் செய்துவிட்டோம், அதனால் மரியாதையைக்கூட வேண்டாம் என்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் அழுதேவிட்டார். "நாங்க என்னங்க குத்தம் பண்ணிப்போட்டோம்?" என்கிறார். அவரைத் தேற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சொன்னவுடன் கை கேட்குமா? மறுநாள் நான் உள்ளே போனதும் பாதி வேட்டி இறங்கியது. வேட்டி என்று ஒன்று இருக்கிற வரைக்கும் அது இறங்கத்தான் செய்யும் என்று புரிந்தது. காக்கித் துணி எடுத்து, வீட்டில் இருந்த தையல் மிஷினில் எல்லோருக்கும் அரை டவுசர் தைத்தேன். கொண்டுபோய்க் கொடுத்தால் யாரும் தொட மாட்டேன் என்கிறார்கள். மீசை வைத்த மனிதர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள்! டவுசர் என்றால் பள்ளிக்கூடத்துப் பையன் போடுவது, இல்லாவிட்டால் போலீஸ்காரர் போடுவது.

"இதைப் போட்டுக்கிட்டு ஊருக்குள்ள எப்படிங்க போறது?"

"ஊருக்குள்ள போகச் சொல்லல. வேட்டியோட வாங்க, வேட்டியோட போங்க. உள்ள இருக்கற நேரத்துக்கு மட்டுந்தான் இது." சுவரில் வரிசையாக ஆணி அடித்தேன். ஒவ்வொருவர் வேட்டிக்கும் ஓர் ஆணி.

அப்படியும் யாரும் அசையவில்லை. வேறு வழியில்லாமல் வீட்டுக்காரரைப் பிடித்தேன். அவர் கால் இரண்டும் கொக்குக்கால். முதலில் என்னை முறைத்தார், பிறகு கெஞ்சினார். "நீங்க போடாட்டி நான் போட்டுக்குவேன்" என்றேன். செய்தாலும் செய்வாள் என்று அவருக்குத் தெரியும், அதனால் ஒப்புக்கொண்டார். மறுநாள் காலையில் காக்கி டவுசரோடு கொட்டகை நடுவில் வந்து நின்றார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டார். மத்தியானச் சோற்றுக்குள் ஆணியெல்லாம் வேட்டியால் நிரம்பியிருந்தது. அந்த மனிதரை அன்று நினைத்து நான் பட்ட பெருமை கொஞ்சமில்லை.

எனக்கும் ஒரு சட்டம் வேண்டாமா? சேலை முந்தானையும் துணிதான், பின்னலும் தொங்குகிற சாமான்தான். தோட்டத்தில் களை எடுக்கிற பெண்கள் சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை போடுவார்கள். நானும் வீட்டுக்காரரின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். கொண்டையை இறுக்கி ஒரு துணியால் மூடிக் கட்டினேன். கண்ணாடியில் பார்த்தால் காட்டு வேலைக்குப் போகிறவள் மாதிரிதான் இருந்தது. இருக்கட்டும், நானும் வேலைக்குத்தானே போகிறேன் என்று விட்டுவிட்டேன்.

மற்ற காரியங்கள் சுலபம். ஷாப்டுக்கு நீளவாட்டில் கம்பி வலையால் கூண்டு அடித்தோம். பெரிய மில்களில் இருக்கிற மாதிரி. சின்னப் பட்டறைக்கு எதற்கு என்று எல்லோரும் விட்டுவைத்திருந்த விஷயம் அது. மெயின் சுவிட்சிலிருந்து ஒரு கயிறு கட்டி, கொட்டகை முழுக்க எந்த லேத்திலிருந்தும் கைக்கு எட்டுகிற மாதிரி ஓட்டினோம். இழுத்தால் எல்லாம் நின்றுவிடும். சாணைக்கல்லில் நிற்பவருக்குக் கண்ணாடி. பம்பு வார்ப்புக்கு மண் சலிக்கிறவர்கள் தூசிக்கு வெல்லம் தின்றால் போதும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். வெல்லத்தை நிறுத்தவில்லை, கூடவே மூக்கையும் வாயையும் கட்ட ஈரத்துணி கொடுத்து, மண்ணில் தண்ணீர் தெளித்துச் சலிக்க வைத்தேன்.

பெல்ட் மாட்டவோ ஷாப்டுக்கு எண்ணெய் விடவோ வேண்டுமென்றால், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, யாராவது தெரியாமல் போட்டுவிடுவார்கள். பியூஸ் கட்டையைப் பிடுங்கி என்னிடம் கொண்டுவந்து கொடுக்கவேண்டும். அதை இடுப்பில் செருகிக்கொள்வேன். வேலை முடிந்து, எல்லோர் கையும் வெளியே வந்ததை என் கண்ணால் பார்த்த பிறகுதான் திருப்பிக் கொடுப்பேன். ஆயுத பூசைக்கு மாலை போடுவதானாலும் அப்படித்தான். அந்த நேரமெல்லாம் வீட்டுச் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் அந்தப் பீங்கான் கட்டை இடித்துக்கொண்டிருக்கும்.

கடைசியாகத் தரையில், பெல்ட்டுகள் ஓடுகிற இடத்துக்கு ஒரு முழம் இப்பால், மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டேன். மோட்டார் ஓடும்போது வேலைக்காரரைத் தவிர வேறு யாரும் அதைத் தாண்டக் கூடாது. நானும் தாண்டக் கூடாது.

பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு கிடைத்தது. "அம்மணி பட்டறையில முதலாளிக்கு முதுகுதாங்க தரிசனம்" என்று பேசிக்கொண்டார்கள். என் ஆட்களுக்கும் உள்ளூர உறுத்தல்தான். பொழுதோடு வேலை முடிந்து வேட்டி மாற்றிக்கொண்டு வெளியே வந்ததும், கேட்டுக்குப் பக்கத்தில் நான் நிற்பதைப் பார்த்து ஒரு நல்ல இறக்கு இறக்கிவிட்டுப் போவார்கள். பகல் முழுக்க மிச்சம் பிடித்ததையெல்லாம் அங்கே கொட்டினார்கள்.

லேத்துக்காரரின் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்தார். நான் அவர் சம்சாரத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"செரிங்கம்மா. உங்களுக்குத் திரும்ப மாட்டாங்க, பழகிக்கிட்டாங்க. வேற பெரிய மனுசங்க யாராச்சும் உள்ள வந்தா? அன்னைக்கும் வெளிய இருந்து வந்தவருக்குத்தானுங்க இவரு வேட்டிய எறக்குனது."

அவள் கேட்டதும் நியாயம்தான். எனக்கு ஒரு யோசனை வந்தது. சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிடம் தயங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "வர்ற வெசாழக்கெழம எங்கய்யன் பட்டறைக்கு வர்றாரு. அன்னைக்கு வா" என்றேன்.

எங்கள் பக்கத்தில் அப்பாவை ஐயன் என்போம். சூலூருக்குக் கிழக்கே என் ஐயனுக்குத் தோட்டம். கரும்பு, பருத்தி, ஆலை கட்டி வெல்லம் காய்ச்சுகிற குடும்பம். ஐயன் வரப்பில் வந்தால், வருகிறார் என்று யாரும் பார்த்துச் சொல்லவேண்டாம், ஒரு செருமல் செருமுவார். அந்தச் செருமலுக்குத் தோட்டத்தில் அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். உட்கார்ந்தபடி அவருக்குப் பதில் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. அவர் கிணற்றுக்கு மகள் பட்டறையில் பம்பு தயாராகிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். மகளின் பெருமையை அந்த ஒறம்பரைக்குக் காட்டவேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்த ஆசையில் நான் மண்ணைப் போடப்போகிறேன். முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்தான். சொல்லிவைத்தால் அது எப்படிச் சோதனையாகும்? சொல்லவில்லை.

வியாழக்கிழமை வந்தது. லேத்துக்காரரின் சம்சாரம் முன்னாலேயே வந்து, கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஐயன் வந்தார். சலவை வேட்டி, சரிகைத் துண்டு தோளில் நீளமாகத் தொங்குகிறது. என் காக்கிச் சட்டையையும் தலைக்கட்டையும் பார்த்தார். முகம் சுருங்கியது.

உள்ளே ஷாப்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஐயன் வாசலில் நின்று செருமினார்.

ஒருவரும் திரும்பவில்லை.

சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் பலமாகச் செருமினார். ஒரு லேத்துக்காரரின் கை இடுப்புப் பக்கம் லேசாகப் போனதைப் பார்த்தேன். அங்கே இறக்குவதற்கு ஒன்றும் இல்லை, டவுசர்தான் இருந்தது. கை திரும்பி லேத்துக்கே வந்துவிட்டது. முதுகுகள் முதுகுகளாகவே இருந்தன. சொந்தக்காரர் ஒருவர், "என்ன மாப்ள, உம்பட மக பட்டறைல எல்லாருக்குங் காது மந்தமா?" என்று கேட்டார். ஐயன் முகம் சிவந்துவிட்டது. இவர்கள் என்னைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிற வேகத்தோடு விறுவிறுவென்று முன்னால் நடந்தார். நேராக மஞ்சள் கோட்டை நோக்கி. துண்டின் முனை காற்றில் ஆடுகிறது, கோட்டுக்கு அப்பால் பெல்ட் ஓடுகிறது.

"ஐயா, நில்லுங்க!"

கத்தியது நான்தான். என் ஐயனை, அவர் ஒறம்பரை முன்னால், கூலிக்காரர்கள் முன்னால், பிறந்ததிலிருந்து நான் குரல் உயர்த்திப் பேசாத மனிதரை. கொட்டகை முழுக்கக் கேட்டது. அப்போதும் என் ஆட்கள் திரும்பவில்லை. நான் கத்தியதற்குக்கூடத் திரும்பவில்லை! ஒருவர் கை மட்டும் மேலே போய், தயாராகக் கயிற்றைப் பிடித்தது. கண் லேத்திலேயே இருந்தது.

ஐயன் நின்றுவிட்டார். கீழே பார்த்தார். செருப்பின் முனை மஞ்சளைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். பார்வையை நான் தாழ்த்தவில்லை.

"இந்தக் கோட்டுக்கு அக்கட்டால எனக்கே எடமில்லீங்க ஐயா. துண்டு பெல்ட்டுல மாட்டினா கழுத்தோட போயிரும். அவுங்க திரும்புனா அவுங்க கை போயிரும். நாந்தான் திரும்பக் கூடாதுன்னு வெச்சிருக்கறேன். கோவிக்கறதுன்னா என்னயக் கோவிச்சுக்குங்க."

ஐயன் காலைப் பின்னால் எடுத்து வைத்தார். துண்டைத் தோளிலிருந்து உருவி இடுப்பில் இறுக்கிக் கட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். என் ஐயன், ஆட்கள் இருக்கிற இடத்தில்! பெரியவரே கட்டிவிட்டார் என்று சொந்தக்காரர்களும் ஒவ்வொருவராக மடித்துக் கட்டினார்கள். மத்தியானச் சங்கு ஊதி ஷாப்ட் நிற்கிற வரைக்கும் கோட்டுக்குப் பின்னாலேயே நின்று, தன் பம்புக்குத் தண்டு கடைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷாப்ட் நின்றதும் ஆட்கள் எல்லோரும் ஓடி வந்து கும்பிட்டார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். மோருக்குக் கை நீட்டும்போது ஐயன் கேட்டார்: "நம்ம கரும்பாலையச் சுத்தி அந்த மாதிரிக் கோடு போட்டா, மாடு மிதிச்சு அழிச்சுப்போடாதா?"

முந்தின வருசம் எங்கள் ஆலையில் உருளைக்குள் கரும்பு கொடுக்கிற ஆளுக்கு விரல் போயிருந்தது. அதைப் பற்றி ஐயன் என்னிடம் பேசியதே இல்லை.

"கல்லுக்கால் நட்டு மூங்கல் கட்டுங்க ஐயா" என்றேன். "மாடு வெளியில சுத்தட்டும், ஆளு உள்ள குனியாம இருக்கட்டும்."

"ம்" என்றார். அடுத்த ஆலைப் பட்டத்துக்குள் கல்லுக்கால் நட்டாகிவிட்டது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

லேத்துக்காரரின் சம்சாரம் அன்று ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். ஐயனை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தபோது கதவோரம் காலியாக இருந்தது. வெள்ளியும் சனியும் செய்தி இல்லை. கொடுமுடி பஸ் எத்தனை மணிக்கு என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவைத்துக்கொண்டேன். சொன்ன சொல் சொன்னதுதான். ஆனாலும் அழுகை வந்தது.

திங்கட்கிழமை காலையில் புருசனும் பெண்சாதியும் சேர்ந்து கேட்டில் நின்றார்கள். அவர் கையில் கம்பு. அவள் இடுப்பில் சோற்றுப் போசி.

"இவரக் கூட்டிக்கிட்டு வந்துட்டேனுங்க" என்றாள். "ஆனா தனியா உட்டுட்டுப் போறதா இல்லீங்க. எனக்கும் ஒரு வேலை போட்டுக் கொடுங்க. பெத்த ஐயனயே கத்துன பொம்பளை, நம்ம ஆளயும் பாத்துக்குவீங்கன்னு தெரியுமுங்க. இருந்தாலும் நானும் ஒரு கண்ணு வெச்சுக்கறேன்."

காயில் சுற்றுகிற மேசை, சாக்குத் திரைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே உட்கார வைத்தேன். திரையை அன்றே அவிழ்த்துப் போட்டேன், அவளுக்கு மறைக்கும் என்று. அதன் பிறகு அந்தப் பட்டறை நடந்த காலம் வரைக்கும், உள்ளே கொண்டுவந்த கையையும் காலையும் ஒவ்வொருவரும் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இதை நான் எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன்.

அந்தத் திங்கட்கிழமை, பத்து மணி இருக்கும், கொட்டகைக்குள் போனேன். லேத்துக்காரர் டவுசரோடு, நல்ல காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு, பழைய இடத்தில் நின்றிருந்தார். இரும்புச் சுருள் நீளமாக உரிந்து விழுந்துகொண்டிருந்தது. நான் வந்தது அவருக்குத் தெரியும். என் இடுப்புச் சாவி சத்தம் அவருக்குத் தெரியாததா? திரும்பவில்லை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு யாரும் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பெரிய மரியாதை கொடுத்ததில்லை. கண்ணில் நீர் தளும்பி, எதிரே எல்லாம் மங்கலாகத் தெரிந்தது.

"ஏனுங்கம்மா!" காயில் மேசையிலிருந்து அவர் சம்சாரம் ஒரு அதட்டல் போட்டாள். "கோட்டுக்குப் பொறகால நில்லுங்க!"

குனிந்து பார்த்தேன். என் கால் கட்டைவிரல் மஞ்சளுக்கு மேலே இருந்தது. பின்னால் இழுத்துக்கொண்டேன்.